படுத்தால் போகும் வலி

மார்ச் 4
பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. மகள் நன்றாக இருக்கிறாள். காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் பின்மண்டையில் யாரோ ஓங்கி அடித்த மாதிரி ஒரு வலி. நர்ஸிடம் சொன்னேன். "தூக்கம் இல்லைல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மார்ச் 5
உட்கார்ந்தால் வலி. நின்றால் உயிர் போகிறது. கழுத்து விறைத்து, காதுக்குள் ஒரே இரைச்சல். படுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. அதுவே எனக்கு வினையாகப் போயிற்று. மாமியார் நாத்தனாரிடம் போனில் சொல்கிறார்: "எழுந்தா வருதாம், படுத்தா போயிடுதாம். நல்ல தலைவலி." பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன். குரலைக் குறைக்கக்கூட இல்லை.

மார்ச் 6
பிரசவ வலி தாங்காமல் முதுகில் ஊசி போட்டுக்கொண்டேன். இந்த வீட்டில் நான் செய்த குற்றம் அதுதான். மயக்க மருந்து டாக்டர் முன்பே சொன்னார் — ஊசி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் சிலருக்குத் தலைவலி வரும், வந்தால் உடனே சொல்லுங்கள் என்று. அந்த வலியில் என் காதில் பாதிதான் விழுந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் பக்கத்தில்தானே நின்றார்? முழுசாகக் கேட்டாரே? இன்று அதை ஞாபகப்படுத்தினால், "ஊசி வேணும்னு நீதானே கேட்ட" என்கிறார்.

படுத்துக்கொண்டே பால் கொடுக்கிறேன். அதற்கும் ஒரு பேச்சு.

மார்ச் 7
எழுந்தேன். வாந்தி. படுத்தேன்.

மார்ச் 8
இவர் வேலைக்குப் போனதும் நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அந்த டாக்டரே பேசினார். "படுத்தா குறையுதா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். எதை வைத்து என்னை நடிக்கிறாள் என்றார்களோ, அதையே கேட்கிறார். "அப்படின்னா உடனே வாங்கம்மா. விட்டு வைக்கக்கூடாது."

குழந்தையை மாமியார் கையில் கொடுத்தேன். "எங்க கிளம்பிட்ட?" என்றார். டாக்ஸியின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு போனேன்.

முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள உறையில் ஊசி ஓட்டை போட்டுவிட்டதாம். அது வழியாக உள்ளே இருக்கிற நீர் கசிந்திருக்கிறது. என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, முதுகில் அந்த இடத்தில் ஏற்றி அடைத்தார். "எங்க ஊசியாலதான் இப்படி ஆச்சு. மன்னிச்சிடுங்க" என்றார். இத்தனை பேரில் அப்படிச் சொன்னது அவர் ஒருவர்தான்.

பிறகு உட்காரச் சொன்னார்கள். பயந்து பயந்து உட்கார்ந்தேன். வலி இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9
"அப்பவே ஒழுங்கா சொல்லியிருக்கலாம்ல?" — இவர்தான். சிரிப்புத்தான் வந்தது.

அக்டோபர் 19
கொழுந்தன் மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது. கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டாள், "அக்கா, நான் ஊசி போட்டுக்கலாமா?"

மாமியார் முந்திக்கொண்டார். "இவ பட்ட பாடு போதாதா?" என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு, வேணாம்னு."

"போட்டுக்கோ" என்றேன். "எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா அப்புறம் எழுந்து உட்கார்ந்தா தலை வலிச்சுதுன்னா, வீட்டுல இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டு இருக்காத. நேரா டாக்டர்கிட்ட பேசு. இல்ல, என்னைக் கூப்பிடு."

இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.