ஜோசஃபின் பிள்ளைக்கு அடித்த மணி

சேசு மரி சூசை துணை

ஜீவனஹள்ளி, பெங்களூர்
9-6-1956

தம்பி அப்பாதுரைக்கு அண்ணன் இராயப்பன் எழுதிக்கொண்டது. இங்கே மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்பதைக் கவனித்துப் படி. உன் மகள் ஜோசஃபினுக்குப் போன மாதம் ஆண் பிள்ளை பிறந்தது.

நீ ஒன்பது வருஷமாக எனக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை. என் மனைவியை அடக்கம் செய்த அன்றும் வரவில்லை. அதை நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. இருந்தாலும் இந்தச் சேதியை நீ என் கையெழுத்தில்தான் படிக்க வேண்டும்.

கோலார் தங்கவயலில் நீ மாதா சபைத் தலைவன். கலியாணமாகாத மகள் வயிற்றில் பிள்ளை என்றதும், அதைக் கலைக்க மருத்துவச்சியிடம் கூட்டிப் போனவனும் நீதான். மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அவள் ரயிலேறி என்னிடம் வந்தாள். நீ என்ன செய்தாய்? மகள் பெங்களூரில் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று சொல்லி மரித்தோர் பூசை வைத்தாய். உயிரோடிருக்கிற பெண்ணுக்கு!

இங்கேயும் சுலபமாக நடக்கவில்லை. வந்ததும் மில்லில் சேர்ந்தாள்; வயிறு தெரிந்ததும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நானும் பக்கத்து வீட்டு முனிராஜும் மேஸ்திரி வாசலில் போய் நின்றோம். முனிராஜ் நம் வேதக்காரன் இல்லை. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பட்டினி போடுவது எந்த ஊர் நியாயம் என்று கன்னடத்தில் அவன் போட்ட சத்தத்தில், பிள்ளை பெற்றபின் வேலை உண்டு என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்தான்.

அடுத்தது ஞானஸ்நானம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேலை நாளில், கதவைச் சாத்திக்கொண்டு, மணியடிக்காமல் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கம் என்றார் கோவில் உபதேசியார். ஞாயிறு பெரிய பூசை முடிந்ததும், எல்லார் முன்னாலும், மணியோடு என்றேன் நான். நீர் எந்தக் குருமடத்தில் படித்தீர் என்று பங்குச் சாமியார் கேட்டார். பட்டாளத்துச் சமையல்கட்டில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தேன் சாமி என்றேன். கொலை செய்யாதே என்கிற ஐந்தாம் கற்பனை வயிற்றுக்குள் இருக்கும் வரைதான் காவலா, வெளியே வந்த பிள்ளைக்கும் பசித்தவனுக்கும் தூக்குமேடையில் நிற்கிறவனுக்கும் அது கிடையாதா என்றும் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உபதேசியார் விடவில்லை. அவருக்குத் தங்கவயலில் சொந்தம் உண்டு. இவளுக்கு அங்கே மரித்தோர் பூசையே ஆகிவிட்டதே, செத்தவள் எப்படி ஐயா பிள்ளை பெற்றாள் என்று இளித்தார். செத்தவள் பிள்ளை பெற்றால் அது பெரிய அற்புதமல்லவா, அற்புதத்துக்கு மணி அடிக்காமல் வேறு எதற்கு அடிப்பீர் என்றேன். சாமியாரே சிரித்துவிட்டார். ஞாயிறு என்று முடிவாயிற்று.

அன்று பிள்ளையை ஏந்தி ஞானத்தாயாக நிற்பது யார் என்று சாமியார் கேட்டதும் கோவில் முழுக்கத் தலை குனிந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உபதேசியாரின் மனைவியே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து பிள்ளையை வாங்கினாள். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! மணிக்கயிற்றை அவரே இழுக்க வேண்டியதாயிற்று. வீட்டில் படுத்திருந்த ஜோசஃபினுக்கும் அது கேட்டிருக்கிறது. நான் வாசலில் கால் வைத்ததும், ஜெயித்துவிட்டீர்களா பெரியப்பா என்றாள். ஜெயித்தோம் மகளே என்றேன்.

உன்னைப் பற்றி அவள் எதுவும் கேட்பதில்லை. உங்கள் ஊர்ப் பாசஞ்சர் ரயில் வருகிற நேரத்தில் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். காற்றுக்காக என்கிறாள்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வரும் நாளை முன்னதாக எழுது. அன்று நான் மார்க்கெட்டுக்குப் போய்ச் சாயங்காலம்தான் திரும்புவேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. சோறும் கறியும் ஆக்கி வைத்துவிட்டுப் போகிறேன். பிள்ளைக்கு உன் மூக்கு.

சர்வேசுரன் உன்னையும் உன் பெண்சாதியையும் நெடுங்காலம் உயிரோடு வைக்கட்டும்.

உன் அண்ணன்
இராயப்பன்