உன் கூடமும் என் கதவுகளும்

இன்று காலை எதிர் வீட்டுத் தறி சட்டென்று நின்றது. கையிலிருந்த செய்தித்தாளைப் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினேன். இழை அறுந்திருந்தது, அவ்வளவுதான். "இன்னா சார், தறி நின்னா போலீசு மாதிரி ஓடியாறீங்க!" என்று நெசவாளர் சிரித்தார். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. எனக்கு இந்த நோயை வைத்துவிட்டுப் போனவன் நீ.

சில வருடங்களுக்கு முன் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரி, ஆதரவற்ற முதிய நெசவாளர்கள் தங்குவதற்கென்று தன் பழைய சத்திரத்தைத் தர முன்வந்தார். என் பழைய சிநேகிதன், ஓவர்சியரான நீ, வரைபடம் போட வந்தாய். கல்லூரியில் சரித்திரம் நடத்துகிற என்னையும் குழுவில் சேர்த்தார்கள். இங்கிலாந்தின் பழைய தர்ம விடுதிகளைப் பற்றி நான் படித்திருந்தேன். ஆரம்பத்தில் அங்கே ஒரே நீண்ட கூடம். இரு சுவரோரமும் கட்டில்கள். படுத்தபடியே பார்க்கக் கிழக்குக் கோடியில் சிற்றாலயம். பின்னால் வந்தவர்கள் முற்றத்தைச் சுற்றிச் சிறு வீடுகளாகக் கட்டினார்கள். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு அடுப்பு, கூரைமேல் வரிசையாகப் புகைபோக்கிகள். ஏழைக்கும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள உரிமை உண்டு என்று அந்தக் கட்டடமே சொன்னது. நான் கதவுகளைக் கேட்டேன். நீ கூடத்தைக் கேட்டாய்.

"தனித்தனி கதவு வச்சா உள்ள செத்துக் கெடந்தாலும் தெரியாதுப்பா. தறி ஓடுற வரைக்கும், சத்தம் நின்னா பக்கத்து வூட்டுக்காரன் எட்டிப் பாப்பான். தறி இல்லாத கெழவனை எவன் பாத்துக்கினு இருப்பான்?"

"அதுக்காக ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையா போட்டு வைப்பியா?"

"போடா புஸ்தகப் பூச்சி! உனக்குச் செங்கல்லும் தெரியாது, கெழவனையும் தெரியாது."

குழுவே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் நானும் ஒன்றை மறைத்தேன். இங்கிலாந்தின் அந்தத் தனி வீட்டுக்காரர்கள் நாள்தோறும் அங்கிருந்த சிற்றாலயத்தில் கூடி, கட்டிக்கொடுத்தவரின் ஆன்மாவுக்காகப் பிரார்த்தித்தாக வேண்டும். செத்த பிறகும் கைம்மாறு கேட்கும் பணக்காரப் பேராசை என்று அதைக் குழுவில் கேலி செய்தேன். அந்த வேண்டுதலுக்கு ஒருவர் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும், போய்க் கதவைத் தட்டுவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். ஆனால் உன் பயம் நியாயமானது என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். நீயும் இறங்கி வரவில்லை. வியாபாரி சலித்துப்போய்ச் சத்திரத்தை நூல் கிடங்காக்கினார்.

நான்கு வருடம் நாம் பேசவில்லை. உன் மனைவி காலமான பின் இரண்டு தெரு தள்ளி நீ தனியாக இருந்தாய். பால்காரர் உன் கதவை இடித்துத் திறந்தபோது, உன் உயிர் போய் இரண்டு நாளாகியிருந்தது. வாதத்தில் ஜெயிக்க இப்படி ஒரு வழியா, பாவி?

நானும் ஒண்டிக்கட்டைதான். இன்று அந்த நெசவாளரிடம் சொன்னேன்: "காலைல என் ரேடியோ சத்தம் கேக்கலன்னா வந்து பாருய்யா."

"உள்ள தாப்பா போட்டிருந்தா?"

"போடுறதில்ல."

கதவுக்காகச் சண்டை போட்டவன், கதவைச் சும்மா சாத்திவிட்டுப் படுக்கிறேன். தூக்கம்தான் வருவதில்லை.