செம்பி எங்கேயும் போகாது

1938, ஆகஸ்டு 21
இன்றும் பூனைகளுக்குள் சண்டை. அடுப்படியில் பால் சட்டியை நோக்கிச் செம்பி ஓரடி வைத்ததுதான், சாம்பலி மேலே பாய்ந்துவிட்டது. பிரிக்கப் போன ஓரகத்தி செவந்தி அக்காவின் முழங்கையில் நாலு கீறல். மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டேன்.

அக்காவின் புருஷன், என் மச்சாண்டார், கூடத்தில் இருந்தபடியே சொன்னார்: "கட்டுமாவடியில இருந்து வந்தத சாக்குல கட்டி வண்டிக்காரன் பெரியண்ணன்கிட்ட குடுத்து விடுங்க. சந்தைக்குப் போற வழியில எங்கிட்டாவது எறக்கி விட்ருவான்."

விதைக்கடலையை எலி தின்கிறது, சாம்பலி ஒன்று போதாது, உன் ஆத்தா வீட்டிலிருந்து இன்னொன்று கொண்டு வா என்று சொல்லி அனுப்பியவரே இவர்தான். அடித்தது சாம்பலி. போக வேண்டியது செம்பியா?

ஆகஸ்டு 22
அக்கா மூலமாகத் தவணை கேட்டேன். "புரட்டாசி பொறக்குற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்றாராம்.
போதும்.

ஆகஸ்டு 25
செம்பி கடலை அறையில். கதவைச் சாத்திவிட்டேன். தண்ணீர், சோறு, ஒரு உடைந்த சட்டியில் மணல், எல்லாம் உள்ளேயே. இதுவரை இரண்டுக்கும் ஒரே தீனிச் சட்டி, கழிய ஒரே சாம்பல் மூலை. சண்டை வராமல் என்ன செய்யும்?
செம்பி படுத்த கோணியைச் சாம்பலிக்கும், சாம்பலியுடையதைச் செம்பிக்கும் மாற்றிப் போட்டேன். வாசனை பழகட்டும்.
"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று அக்கா சிரித்தாள்.

ஆகஸ்டு 29
முதல் நாள் கோணியைப் பார்த்தே சீறிய சாம்பலி இன்று அதன்மேல் தூங்கியது. அக்கா சிரிக்கவில்லை.

செப்டம்பர் 1
என் அவசரம். என் தப்பு. கதவைத் திறந்துவிட்டேன். நாலு நாள் நன்றாகப் போனதும் புத்தி கெட்டுவிட்டது. செம்பியின் காது கிழிந்து ரத்தம். இந்தத் தடவை கையை விடாமல் முறத்தை நடுவே செருகிப் பிரித்தேன்.

சத்தம் கேட்டு மச்சாண்டார் சாக்கோடு வந்தார். செம்பியை உள்ளே தள்ளிக் கதவை இழுத்துச் சாத்தி, முன்னால் நின்றுகொண்டேன். கல்யாணமாகி நாலு வருஷம், அவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வெலகு."
"வெலக மாட்டேன். புரட்டாசி இன்னும் பொறக்கலைங்க."

கதவுக் கொண்டியைப் பிடித்தபடியே நின்றேன். சாக்கை எறிந்துவிட்டுப் போனார். அக்கா அதை மடித்துத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 3
சனிக்கிழமை. புதுக்கோட்டைக் கடையிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார்.
"அண்ணன எதுத்துப் பேசுனியாமே?"
"ஆமா."
"ஒரு பூனைக்காகவா?"
"ஆமா."
சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

செப்டம்பர் 8
முதலிலிருந்து ஆரம்பம். கதவுக்குப் பதில் மூங்கில் தட்டி. பார்க்கலாம், பாய முடியாது. அந்தப் பக்கம் செம்பிக்கு நான் கருவாட்டுத் தலை போடுகிறேன், இந்தப் பக்கம் சாம்பலிக்கு அக்கா. தினமும் ஒரு சாண் தட்டிக்குக் கிட்டே. சாம்பலி முறைக்கத் தொடங்கினால் அக்கா பேர் சொல்லி அங்கிட்டு அழைத்துப் போகிறாள். விளக்குமாற்றைத் தூக்குவதில்லை. அடித்தால் அந்தக் கோபமும் செம்பிமேல்தான் போகும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

செப்டம்பர் 14
சாப்பிடும் நேரம் மட்டும் தட்டியை எடுத்தோம். முறம் கையில் தயார். சாம்பலி தின்று முடித்து, செம்பியை ஒரு பார்வை பார்த்து, உறுமாமல் போய்விட்டது.

செப்டம்பர் 17
புரட்டாசி பிறந்துவிட்டது. பெரியண்ணன் வண்டி வாசலோடு போனது. யாரும் நிறுத்தவில்லை.

செப்டம்பர் 26
ஒரு உறுமல். அவ்வளவுதான்.

அக்டோபர் 9
சிநேகம் ஆகிவிடவில்லை. ஆக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. அடுப்படி சாம்பலிக்கு, கடலை அறை செம்பிக்கு, கூடம் இரண்டுக்கும் பொது.
காலையில் நிலைப்படியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டும் படுத்திருந்தன. மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பிய மச்சாண்டார் நின்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் எழுப்பாமல், காலை அகல எடுத்து வைத்துத் தாண்டிப் போனார்.
அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் காத்து நிற்கவில்லை. அடுப்பில் வேலை கிடந்தது.