வகுப்பில் சேருமுன் உன் இடது கையைப் பற்றி

ஒரத்தநாடு,
அக்டோபர் 14.

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் தம்பி எல்வினும் சுகம், டில்லியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் என் முதல் ஜெபம். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றாம் தேதி நீ சண்டை வகுப்பில் சேருவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும், அதனால்தான் ஸ்பீடு போஸ்ட்.

இங்கே சம்பா நட்டுப் பத்து நாள் ஆகிறது, மூன்று நாளாக விடாத மழை. தண்ணீர் நின்றால் பயிர் அழுகிவிடும் என்று காலையும் மாலையும் மண்வெட்டியோடு போய்விடுகிறேன். வெட்டிவிட்ட வரப்பையே எத்தனை தடவைங்க வெட்டுவீங்க, செத்த உட்காருங்களேன் என்று அம்மா சத்தம் போடுகிறாள். எங்கே உட்காருவது? உட்கார்ந்தால் போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதுதான் நினைவுக்கு வருகிறது. நீ நர்ஸாக இருக்கும் அவசரப் பிரிவில் நோயாளியோடு வந்த ஒருவன் உன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான், காவலாளி வந்துதான் விடுவித்தார் என்று சொன்னாய். அந்த வேலையே வேண்டாம், பட்டுக்கோட்டையில ஒரு நர்சிங் ஹோம்ல பார்த்துக்கலாம், வந்துடு பாப்பா என்று அம்மா அழுதாள். வர மாட்டேன், விடுதிக்குப் பக்கத்தில் டேக்வாண்டோ, பாக்சிங், ஜுஜுட்சு மூன்றும் சொல்லித்தருகிறார்கள், ஒன்றில் சேரப்போகிறேன் என்றாய். அதோடு நிறுத்தினாயா? நான்தான் சும்மா நடந்தாலே விழுற ஆளாச்சே, என் உடம்புக்கு எதுப்பா சரிப்படும் என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டேன்.

யோசித்தேன்தான். யூடியூபில் அடிதடியாகவே பார்க்கிறேன், அப்பா பிளாக் பெல்ட் வாங்காம விடமாட்டாங்க போலிருக்கு என்று எல்வின் கேலி செய்கிறான். கடைசியில், இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தரும் தமிழரசனையே போய்ப் பார்த்தேன். அவர் எடுத்த எடுப்பில், பொண்ணு உயரம் எடை என்னங்க, பதக்கம் வாங்கணுமா தப்பிச்சு வரணுமா என்று கேட்டார். ஐந்தடி, நாற்பத்தொன்பது கிலோ என்று கன்றுக்குட்டிக்குச் சொல்வதுபோல் சொன்னேன், கால்நடை ஆய்வாளராக இருந்த வாய் வேறு எப்படிச் சொல்லும்? பதக்கமெல்லாம் வேண்டாம், தப்பித்தால் போதும் என்றேன். டேக்வாண்டோ முழுக்கக் காலாட்டம், நல்லதுதான், ஆனால் இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒருவன் கையைப் பிடித்திருக்கும்போது காலைத் தூக்க இடம் ஏது என்றார். பாக்சிங் தைரியமும் மூச்சும் தரும், ஆனால் உனக்குக் கை நீளம் குறைவு, நோயாளியின் சொந்தக்காரரைக் குத்தினால் வேலையும் போய்விடும். பிடித்த பிடியிலிருந்து வெளியே வரத்தான் ஜுஜுட்சு, குள்ளமாக இடுப்பு தாழ்வாக இருப்பதே அதில் வசதி என்றார். எனக்கு அது உடனே புரிந்தது. வேலையில் இருந்தபோது வைத்தியம் பார்க்க மாட்டைச் சாய்த்தால் நானும் உதவியாளர் வீரையனும் இரண்டே பேர்தான், கயிற்றைப் போட வேண்டிய இடத்தில் போட்டு இழுத்தால் நானூறு கிலோ காளை தானாகப் படுத்துவிடும். வீரையன் உன்னைவிட ஒல்லி. சந்தோஷமாக எழுந்தேன். அப்போதுதான் அவர், அதுல கையை நீட்டி, மூட்டு அசையாமப் பிடிச்சுப் பூட்டுப் போடுவாங்க, பாப்பாவுக்குக் கையில கோளாறு ஒண்ணும் இல்லையே என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொய்.

உன் இடது முழங்கை முழுசாக நீளாது என்பது உனக்கே தெரியும். ஐந்து வயதில் வரப்பிலிருந்து வழுக்கி விழுந்ததால் வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். நீ விழவில்லை, ஜெனிட்டா. நான் தள்ளினேன். அன்று நம் முறைத் தண்ணீரைப் பக்கத்து வயல் துரைராசு மடை மாற்றிவிட்டார் என்று அவரோடு சண்டை. நீ வந்து, சாப்பிட வாங்கப்பா என்று என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். உன் கையைப் பிடித்து உதறினேன், காய்ந்த வாய்க்காலில் கல் மேல் போய் விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனேன், அவர் முட்டையும் உளுந்து மாவும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், கட்டு பிரித்தபோது கை அப்படி ஆகியிருந்தது. பார்த்தவர் துரைராசு ஒருவர்தான். அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம், பாப்பா கை எப்படிங்க இருக்கு என்று கேட்காமல் போகமாட்டார். பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட, கோபப்பட்டேன் சாமி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டவன் நான். அதோடும் விடவில்லை. கோ-கோ அணிக்கு உன்னைக் கேட்டு உன் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஆள் அனுப்பினார்கள், யாராவது கையைப் பார்த்து விசாரிப்பார்களோ என்று பயந்து, அவளுக்குக் கால் நிதானம் இல்லை, விழுந்துவிடுவாள் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். வாய்க்கால் குறுக்கே கிடந்த ஒற்றைத் தென்னைமரத்தில் கூடையோடு ஓடுவாய், எல்வின் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவான். அப்படிப்பட்டவளை விழுகிறவள் என்று நம்பவைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது மகளே, மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியதைக் கேள். வகுப்புக்கு முன்னால் எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்துக் காட்டு, இந்தமுறை நடந்ததை நடந்தபடி சொல். ஜுஜுட்சுவில் சேர்ந்தால் முதல் நாளே மாஸ்டரிடமும், உன்னோடு சேர்ந்து பயிற்சி செய்கிற பெண்ணிடமும் இடது கையை நீட்டிக் காட்டு, பூட்டுப் போட வேண்டாம் என்று சொல், கூச்சப்படாதே. டாக்டர் கூடாது என்றால் டேக்வாண்டோ இருக்கிறது, உன் கால் நல்ல கால். எதுவானாலும் நீயே பார்த்து முடிவு செய், விழுவேனோ என்று மட்டும் நினைக்காதே.

எக்ஸ்ரேயை மறந்துவிடாதே. கடிதம் கிடைத்ததும் என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், ஒரு மிஸ்டு கால் கொடு, அன்றைக்கே அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக, பிள்ளையைத் தனியாக வரப்புக்கு அனுப்பியது தன் தப்பு என்று அழுதுகொண்டிருக்கிறாள். அவள் எவ்வளவு கோபப்பட்டாலும் அவள் பக்கமே பேசு, எனக்காகப் பேசாதே. ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன்.

உன் அப்பா,
சிங்கராயர்.