லென்ஸை மறைத்த கை

கள்ளக்குறிச்சி,
8-10-1987

அன்பு மகன் அமலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை லிடியாவும் மாதாவின் தயவால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பம்பாயில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய், பயப்படாதே. நாலு வருஷமாக அவள்தான் உனக்கு எழுதிக்கொண்டிருந்தாள், நான் ஒரு வரி எழுதியதில்லை, அவள் பேனாவை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். இப்போது அவள் என்னோடு பேசிப் பதினைந்து நாளாகிறது, உனக்கு என்ன எழுதுவதென்றும் அவளுக்குத் தெரியவில்லை. உன் மாமா சவரிமுத்து கடலூர் ஜெயிலில் இருக்கிறான். அவன் பேரைப் போலீசில் சொன்னது நான். வேறு யாராவது இதைத் திரித்து உனக்கு எழுதுவதற்குள் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

போன மாசம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது பேப்பரில் வந்திருக்கும். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள், பஸ் லாரி ஒன்றும் ஓடவில்லை, துப்பாக்கிச் சூடு, சாவு என்று தினமும் ஒரு சேதி. நம் தியேட்டரையும் சாத்திவிட்டார்கள். கரண்ட் ஆபீஸ் அறிவுச்செல்வனை உனக்கு நன்றாகத் தெரியும், உனக்குப் புத்தகம் கொடுப்பாரே, அவர்தான். அவர் நடத்தும் திரைப்படச் சங்கத்தில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் படவிழா என்று முன்பே நோட்டீஸ் போட்டிருந்தார்கள். மெட்ராசிலிருந்து வரவேண்டிய படப்பெட்டிகள் மறியலுக்கு முந்தின நாளே வந்து இறங்கிவிட்டன. சின்ன புரொஜெக்டர் ஓட்ட ஆள் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார். எனக்கு அவரோடு முகம் கொடுத்துப் பேச இஷ்டமில்லை, காரணம் பிறகு சொல்கிறேன். ஆனாலும் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவனுக்கு இரண்டு நாள் மிஷினைத் தொடாமல் இருந்தது ஒரு மாதிரியாக இருந்தது, சரி என்றேன். என்ன படம் என்று கேட்டதற்கு எல்லாம் வெளிநாட்டுப் படம், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்கிற கதைகள் என்றார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்டியும் மனுசங்க இருக்காங்கண்ணே, நம்ம ஊர்லயும் இருக்காங்க, ஒரு தரம் பாக்கட்டுமே, அதுக்கப்புறம் திட்டுனா திட்டட்டும் என்றார். யாரை நினைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். உன் பேரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே முதல் படம் போட்டோம். பனி பெய்கிற ஒரு கிராமத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற இரண்டு டீச்சர்மார் கதை. வழக்கமான முப்பது பேர்தான் வந்தார்கள். தகராறில்லாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் பேச்சு வேறு விதமாகப் பரவிவிட்டது. பொம்பளயும் பொம்பளயும் இருக்கிற படமாம், ஒண்ணும் வெட்டாம போட்றாங்களாம் என்று. பஸ் இல்லை, தியேட்டர் இல்லை, ஊரில் இளவட்டங்களுக்கு வேலை இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பூசை முடிந்து உன் மாமாவும் அவன் கூட்டாளிகளும் நேராக அங்கேதான் வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்துச் சங்கத் தலைவர் மிரண்டுபோய் என் காதில், எடக்கு மடக்கா எதுனா வந்தா லென்சுல கைய வச்சி மறைச்சிடுபா என்றார். அறிவுத் தம்பி அதைக் கேட்டுவிட்டு, மறைக்காதீங்கண்ணே என்றார். நான் தலைவர் சொன்னபடிதான் செய்வதென்று இருந்தேன்.

அன்றைக்குப் படம் இரண்டு ஆம்பிளைகளைப் பற்றியது. ஒருவன் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவன், இன்னொருவன் முடிதிருத்துகிறவன், ஒரே அறையில் இருக்கிறார்கள். வந்தவர்கள் எதிர்பார்த்தது அதில் இல்லை, நாற்காலியை இழுப்பதும் சீட்டியடிப்பதுமாக இருந்தார்கள். நாலாவது ரீலில் பட்டறைக்காரன் காய்ச்சலில் படுத்துவிடுகிறான், மற்றவன் அவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து முகம் மழித்துவிடுகிறான். மழித்துத் துடைத்துவிட்டு அவன் வாயருகே குனிந்தபோது நான் லென்ஸில் கையை வைத்தேன். திரை இருண்டது. லென்ஸுக்கு அவ்வளவு கிட்டத்தில் உருவம் ஒன்றும் விழாது, உள்ளங்கையில் வெறும் வெளிச்சம் சூடாகத் துடிக்கும், அவ்வளவுதான். ஆனால் பேச்சை மறைக்க முடியாதே. பாஷை புரியாவிட்டாலும் அந்த நோயாளி மெதுவாக எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அமல், நீ வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு நம் வீட்டு உள் அறைக் கதவைத் தள்ளுவதற்கு முன்னால் உன் சிரிப்பும் உன்னோடு இருந்த அந்தப் பையன் சிரிப்பும் எனக்குக் கேட்டது. கேட்டு, ஏதோ சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறான் என்று நானும் சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தேன். அதற்குப் பிறகுதான் பெல்ட்டைக் கழற்றினேன். அது ஞாபகம் வந்ததும் என் கை லென்ஸிலிருந்து இறங்கிவிட்டது. எடுக்கவேண்டும் என்று யோசித்து எடுக்கவில்லை, இருந்தாலும் எடுத்தது நான்தான்.

திரையில் அவர்கள் இரண்டு பேரும் தெரிந்ததும் கூச்சல் கிளம்பிவிட்டது. யாரோ செருப்பை வீசினான். அறிவுத் தம்பி ஓடிப்போய் மேடையில் திரைக்கு முன்னால் நின்று, முழுசா பாத்துட்டு திட்டுங்க, ஒரு பத்து நிமிசந்தான் இருக்குது என்று கும்பிட்டார். நீயும் அந்த மாதிரி ஆளு தானடா என்று கீழிருந்து ஒருவன் கத்தினான். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அப்படியே நின்றார். உன் மாமா மேடையேறி, எங்க வூட்டுப் புள்ளய கெடுத்தவன் நீ தானடா என்று மடக்கு நாற்காலியைத் தூக்கி அவர் நெற்றியில் அடித்தான். இரண்டு தரம். மண்டபம் இருட்டு, மற்றவர்கள் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் மிஷினை நிறுத்தாமல் நின்றிருந்தேன், அந்த வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது. சவரிமுத்து கத்திய அந்தப் பேச்சு அவன் பேச்சில்லை, நான் சொல்லிக்கொடுத்தது. நீ வீட்டைவிட்டுப் போன வாரம், உன்னைக் கெடுத்தது அறிவுச்செல்வன்தான் என்று அவனிடம் சொன்னேன். அவரிடம் தப்பாக நான் எதையும் பார்த்ததில்லை, விசாரித்ததில்லை, யார்மேலாவது போடவேண்டியிருந்தது, போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு மண்டைக்குள் அடிபட்டிருக்கிறது, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். எந்த வண்டி போகும்? சங்கத்துக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற பிச்சைமுத்துதான் டிராக்டரைக் கொண்டுவந்தான். டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்து, நான் அவர் தலையை மடியில் பிடித்துக்கொண்டேன், வயல் வழியாகவே தியாகதுருகம் தாண்டிப் போனோம். வழியில் அவருக்கு நினைவு வந்தது. நான் கேட்காமலே சொன்னார், அமலுக்கு நான் ஒண்ணும் சொல்லித் தரலண்ணே, அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல முதுவெல்லாம் ரத்தமா அழுதுக்கினு நின்னான், வுட்டா எதுனா பண்ணிக்குவான்னு தோணுச்சி, விழுப்புரம் வரிக்கும் கூடப் போயி ரயிலு ஏத்தி வுட்டேன், அவ்ளோதான் என்றார். நாலு வருஷமாக ஒரே ஊரில் என்னை எதிரே பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டு போனவர், இதைச் சொல்லவே இல்லை. நீயும் அம்மாவுக்கு எழுதவில்லை.

அதற்கப்பால் டிராக்டர் போகவில்லை, வரிசையாக மரம் கிடந்தது. மறியல் செய்கிற பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பாவாடை என்று ஒருவன், யாருபா இது, இன்னா ஆச்சி என்று கேட்டான். மேடையிலேர்ந்து வுழுந்துட்டாரு என்றேன். அறிவுத் தம்பி கண்ணைத் திறக்காமலே, பொய் சொல்லாதீங்கண்ணே என்றார். என் காதில் மட்டும்தான் விழுந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன், எதற்காக அடிபட்டார் என்ற உண்மையைச் சொன்னால் தொட மாட்டார்களோ என்று பயம். அந்தப் பையன்கள் எங்கிருந்தோ கயிற்றுக்கட்டில் கொண்டுவந்து அவரைக் கிடத்தி, வெயிலில் ஒரு மைலுக்கு மேல் மரத்துக்கு மரம் ஏறி இறங்கித் தூக்கிப்போனார்கள், பாவாடை தன் துண்டை அவர் முகத்துக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டே நடந்தான். உண்மை தெரிந்திருந்தாலும் அவர்கள் தூக்கியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் இடம் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி பிடித்து ஏற்றினார்கள். எலவனாசூர்கோட்டை அவருடைய சொந்த ஊர். ஊர் எல்லை தெரிகிற தூரத்தில், பொழுது சாயும்போது, உயிர் போய்விட்டது.

அவர் தாயார் பெரியம்மாளிடமும் விழுந்துவிட்டார் என்றே சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை, கட்டை அவிழ்த்து நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, இது வுழுந்த காயமில்லியே, எம்புள்ளய இன்னா பண்ணீங்க சொல்லு என்றாள். அடக்கம் முடியும்வரை அதே கேள்விதான். கடைசியில் எல்லாம் சொன்னேன், நான் சொல்லிவைத்த பொய் உட்பட. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சங்கத்துக்காரர்கள் அவர் தவறி விழுந்ததாகவே பேசி முடித்துவைத்திருந்தார்கள். மறியல் முடிந்து ஊர் திரும்பிய அன்று நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் என் கண்ணால் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கூடப் பொறந்தவன நீங்களே புடிச்சிக் குடுத்துட்டீங்களே என்றாள் உன் அம்மா, அதுதான் கடைசிப் பேச்சு. அவளைக் குறை சொல்ல முடியாது. லிடியாவுக்கு மணலூர்பேட்டையிலிருந்து பேசிவந்த சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். தியேட்டரில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். லிடியா மட்டும் எனக்குச் சோறு போட்டுவிட்டு, அண்ணனுக்கு எழுதினீங்களா என்று தினமும் கேட்கிறாள்.

கிறிஸ்துமசுக்கு வா என்று அம்மா முன்பு எழுதியிருப்பாள். இப்போது வராதே. மாமா வீட்டில் உன்மேல் ஆத்திரமாக இருக்கிறார்கள், ஊரிலும் உன் பேரையும் அறிவுத் தம்பி பேரையும் சேர்த்துப் பேசுகிறார்கள். வழக்கு முடியட்டும், நானே வருகிறேன், நீ வேண்டாமென்றால் வரவில்லை. உன் வாழ்க்கை எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். புரியாதது என் குறை, அதற்காக உன்னை அடித்தது பாவம். மன்னிப்பு கேட்கிறேன். நீ தரவேண்டும் என்று கட்டாயமில்லை.

அச்சாபீசில் ராத்திரி வேலை ஒத்துக்கொள்ளாதே, மழைக்காலம் முடிகிறவரை வெந்நீர் குடி, இருமல் இருந்தால் தள்ளிப்போடாதே. மாதா உன்னை ஒரு தீங்கும் அண்டாமல் காக்கட்டும், நீ செய்கிற வேலையும் இருக்கிற இடமும் நிலைக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. தினமும் ஜெபமாலை முடிந்து வீட்டு ஆட்கள் பேரையெல்லாம் சொல்லி வேண்டும்போது உன் பேரை அம்மாதான் சொல்வாள், நான் வாய் திறக்க மாட்டேன். இந்தப் பதினைந்து நாளாக நான் தனியாக மூலையில் உட்கார்ந்து சொல்கிறேன். அம்மாவுக்கு வரும் உன் கடிதங்களில் எப்போதும் நாங்கள் சுகம், நாங்கள் அறை மாறினோம் என்றே எழுதுகிறாய், அந்த இன்னொருவர் யார் என்று இங்கே ஒருவரும் உன்னைக் கேட்டதில்லை. பதில் போடும்போது அவர் பேரை எழுது. உன் பேருக்குப் பக்கத்தில் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. தைரியநாதன்