மாவுக்கட்டு அறையில் சொல்வது

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நலம். வேலைக்காக உன்னிடம் விட்டுவந்த என் மகள் வாலு கையை உடைத்துக்கொண்டதை நீ எழுதவில்லை. அவளே இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருக்கிறாள். "பெரியம்மா அழுதாங்க" என்றும் எழுதியிருக்கிறாள். ஏன் அழுதாய்? உன் பிள்ளைகள் மூன்று பேரும் முழுசாக இருக்க, என் பிள்ளைக்கு மட்டும் எப்படி உடைந்தது? அத்தான் கோபக்காரர் என்பது ஊரறிந்தது. அவர் கை நீட்டினாரா? மறைக்காமல் எழுது.

உன் தங்கை

மார்ச் 14

தங்கைக்கு,

பிள்ளைகளோடு மதில்மேல் நடந்தாள், விழுந்தாள், மணிக்கட்டு உடைந்தது. அவ்வளவுதான். செருப்புக்கூடப் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் உன் அத்தான். டாக்டர், "வளர்ற வயசும்மா. எலும்பு நீளுற வேகத்துக்கு உறுதி கொஞ்சம் பின்னாலதான் வரும். ஊர்ல மூணு பிள்ளைல ஒண்ணாவது பெரிசாகறதுக்குள்ள எங்கயாவது உடைச்சுக்கும்" என்றார்.

உன் கடிதத்தை அத்தான்தான் பிரித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து வாலு பக்கத்தில் வந்தால் கையைக் கட்டிக்கொள்கிறார்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

எந்த முகத்தோடு எழுதுவேன்? நான் வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரி மாவுக்கட்டு அறையில்தானே. பஞ்சு சுற்றி, கட்டுத்துணியை நனைத்துக் கொடுப்பது நான். பள்ளிக்கூடம் விட்டால் வரிசை வாசல்வரை நிற்கும், பாதிக்கு மேல் மணிக்கட்டுதான். தலைகுனிந்து நிற்கிற அம்மாக்களிடம், "ஓடற பிள்ளைதாம்மா விழும், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று தினமும் சொல்கிற வாய் இது. ஊருக்குத்தான் உபதேசம். பிள்ளையை விட்டுவிட்டு வந்த உறுத்தலை உங்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. நேற்று ஓர் அம்மாவிடம் அதையே சொல்லப்போனேன், பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டுத்துணியை நனைக்கப் போய்விட்டேன். அத்தான் காலில் விழுந்ததாகச் சொல்.

உன் தங்கை

ஏப்ரல் 20

தங்கைக்கு,

கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. உன் கடிதத்தைப் படித்த அத்தான், "பயத்துல எழுதிட்டா, விடு" என்றார். அவர் விட்டுவிட்டார். என்னால்தான் முடியவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் மதிலேறும்போது வாலு என் முகத்தைப் பார்க்கிறாள். "ஏறாதே" என்று நான் சொல்லவில்லை. "போ, ஏறு" என்று சொல்லவும் வாய் வரவில்லை. முன்பென்றால் யோசித்திருக்கவே மாட்டேன். அப்போது அவள் என் பிள்ளை. இப்போது உன் பிள்ளை.

ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லீவு கேட்டு வா. நீயே ஏறச் சொல்.

அக்கா