அம்மாவின் ஊகம் பொய்யான சனிக்கிழமை

வாண்டுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவின் கணித ஊகம் மட்டும் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே அம்மாவிடம் கொடுங்கள் என்பாய், அவள் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

அம்மாவின் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் ஒருநாள் கருத்தரங்கு. சேர்வியலில் அண்மைக்கால ஆய்வுகள் என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள், அதுவும் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. என் பல் கிளினிக்குக்கு அன்று விடுமுறை, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே எனக்கென்ன வேலை என்றேன், மதியம் தான் பேசும்போது ஒரு தலை கூடுதலாக இருக்கட்டும் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் தலைக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான். உள்ளே வந்திருந்தவர்கள் வாயைத் திறந்தபோதெல்லாம் எனக்குத் தொழில் ரீதியாக மட்டும்தான் ஆர்வம் வந்தது, துறைத்தலைவருக்கு மேல் கடைவாயில் நல்ல சொத்தை இருக்கிறது.

அந்த ஊகம் உனக்குத் தெரிந்ததுதான், உன்னை ஒரு கையால் தட்டித் தூங்கவைத்துக்கொண்டே அவள் யோசித்தது. புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த படம், இணைந்த புள்ளிகளுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது, ஒரு குறிப்பிட்ட வகைப் படம் எதுவானாலும் மூன்று வண்ணம் போதும், அவ்வளவுதான். உண்மை என்று எல்லோரும் நம்பினார்கள், நிரூபிக்கத்தான் ஆளில்லை. இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி என்று அன்று மதியம் அறிவிப்பதாக இருந்தாள். காலையில் வேறு எங்கிருந்தோ வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, குரலே வெளியே வராத பெண், திரையில் ஒரு படத்தைப் போட்டு, அதே வகைப் படம்தான், ஆனால் இதற்கு நாலு வண்ணம் வேண்டியிருக்கிறது என்றாள். அரங்கமே அடங்கிவிட்டது. அந்த அமைதியில்தான் நான் விழித்துக்கொண்டேன், எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவும் குறட்டை விட்டுவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா தட்டைத் தொடவில்லை. காகிதத் துவாலையில் அந்தப் படத்தை வரைந்து வரைந்து மூன்று வண்ணத்துக்குள் அடக்கப் பார்த்தாள். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, அந்தப் பெண் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது, தலைவலி என்று சொல்லிவிட்டு வாருங்கள், வீட்டுக்குப் போகலாம் என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், கார் சாவியைக்கூட எடுத்துவிட்டேன். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவளைத் தேடிப் போனால், கை கழுவும் இடத்துக்கு வெளியே அந்தப் பெண் தேம்பிக்கொண்டு நிற்கிறாள். பெரியவங்களை இப்படிச் சபையில் வைத்தா கவிழ்ப்பது, இனி உனக்கு யார் வேலை தருவார்கள் என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பிடிபிடியென்று பிடித்துவிட்டாராம். பக்கத்தில் நின்ற அம்மா அவளிடம், “நீ எதுக்கும்மா அழற? அழ வேண்டியவ நான். எனக்கே இன்னும் நேரம் கிடைக்கல” என்றாள்.

தலைவலி போன இடம் தெரியவில்லை. மதியம் மேடைக்கு லேப்டாப் இல்லாமல் போனாள். “நான் சொல்ல வந்தது காலையிலேயே பொய்யாயிடுச்சு. என் நேரத்தை இந்தப் பொண்ணு எடுத்துக்கட்டும், கேள்வி கேக்கறது என் வேலை” என்று சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டாள். வழிகாட்டி சிரித்தார், பல்லைப் பிடுங்கும்போது என் நோயாளிகள் சிரிப்பதுபோல. எந்தக் கோட்டை அழித்தால் மூன்று வண்ணத்துக்கு இறங்கும் என்று அம்மா கேட்க, அந்தப் பெண் குரலை உயர்த்தி மறுக்க, வழக்கமாக அந்த நேரத்தில் தூங்கும் துறைத்தலைவரே எழுந்துபோய் சாக்பீஸுக்குச் சண்டை போட்டார். டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை, என்னைத் தவிர.

 காரில் வரும்போது, பொய்யாக இருக்குமோ என்று ஒரு நாள்கூடத் தேடிப் பார்க்கவில்லையே என்றாள். நாலு வண்ணம் என்று மாற்றி வைத்துக்கொள்ளேன் என்றேன், சட்டை அளவு மாற்றுவதுபோல. விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் கொஞ்சம் சிரிப்பில் சேராதது, நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன்.

இப்போது அந்தப் பெண் வாராவாரம் நம் வீட்டுக்கு வருகிறாள், உன் மேசை அவள் வசம், வந்து சண்டை போடாதே. நேற்று கட்டுரையின் முதல் வரைவைக் கொண்டுவந்தாள். பாவம், மரியாதைக்காக அம்மா பெயரை விட்டுவிட்டு ஒரு பழைய ஊகம் என்று மட்டும் போட்டிருக்கிறாள். அம்மா அதை அடித்துவிட்டுத் தன் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினாள். “பொய்யானாலும் அது என்னுது” என்றாள்.

போன் செய்தால் பரவாயில்லைம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே, நான் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த நாலு வண்ணப் படம் எப்படி இருக்கும் என்று கேள், ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கேள். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் குறைவில்லாமல் இருக்க எங்கள் ஆசிகள்.

ஒரு கோடும் புரியாத,
உன் அப்பா